ஆமைக்குச் சொல்லாதது

"முதல்ல எனக்குச் சொல்லிக்குடுங்க டீச்சர். அப்புறம் அவளுக்கு நான் சொல்லிக்குடுத்துக்கறேன்" என்றாள் மங்கையர்க்கரசி.

தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஷமீமா சனிக்கிழமைதோறும் பெண் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கோடிங் சொல்லிக்கொடுத்தாள். எல்லாரும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள். மங்கையர்க்கரசியின் மகள் அல்லி அங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அல்லி மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

"அவதான் நல்லா செய்யறாளே அக்கா" என்றாள் ஷமீமா. வயதில் அவள் இளையவள்.

"செய்யறா. வீட்டுக்கு வந்து என்னென்னவோ கேக்கறா. நான் முழிக்கறேன்."

"முழிச்சா என்ன?"

"என்னவா? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து இவ என்கிட்டதான் படிக்கறா. பின்னம், பூகோளம், ரத்த ஓட்டம், எதுவா இருந்தாலும் முந்தின நாளே நான் படிச்சு வச்சுக்குவேன். எனக்குத் தெரியாத ஒண்ணை இவ இதுவரைக்கும் படிச்சதில்ல."

பெருமையாகத்தான் சொன்னாள். பெருமைப்பட வேண்டிய உழைப்புதான்.

"இப்ப நான் முழிச்சேன்னா, எங்க நாத்தனார் சொன்னது சரின்னு ஆயிடும்."

"என்ன சொன்னாங்க?"

"'பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பாம நீயே டீச்சர், நீயே ஹெச்.எம்., நீயே பியூனு. ஒருநாள் நல்லா மாட்டுவ'ன்னாங்க."

ஷமீமா சிரித்துவிட்டாள். அல்லிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அதனால நான் கத்துக்கற வரைக்கும் இவ இங்க வர வேணாம்."

அல்லிக்கு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"எவ்வளவு நாளும்மா?"

"நான் கத்துக்கற வரைக்கும்."

"அதான், எவ்வளவு நாள்?"

"எனக்கென்னடி தெரியும்?"

அல்லி அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாவை எதிர்த்துக் கேட்கிற பிள்ளை இல்லை.

ஷமீமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா."

"இப்பவேவா?"

"இப்பவே."

கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு ஆமை இருந்தது. கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டினால் அது நடக்கும். நடந்த தடம் கோடாக விழும். சேர்ந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் இந்த ஆமையோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

"இதை ஒரு சதுரம் போடச் சொல்லுங்க."

மங்கையர்க்கரசி தயாராக வந்திருந்தாள். வீடியோ பார்த்துப் படித்து வைத்திருந்தாள். நூறு அடி முன்னால் போ என்று ஒரு வரி எழுதினாள். அதன் கீழே அதையே இன்னும் மூன்று தடவை எழுதினாள். ஓட்டினாள்.

ஆமை நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. வலது ஓரத்தைத் தாண்டி மறைந்தது.

"எங்க போச்சு?"

"நீங்க போகச் சொன்ன இடத்துக்கு."

"நான் சதுரம்தானே போடச் சொன்னேன்?"

"எங்க சொன்னீங்க?"

மங்கையர்க்கரசி எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"சதுரம்னா நாலு பக்கம். நாலு தடவ எழுதியிருக்கேன்ல?"

"எழுதியிருக்கீங்க."

"மூலைல திரும்பணும்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஓரம் வந்துடுச்சு. நிக்கவாவது நிக்கலாம்ல?"

"யாரும் நிக்கச் சொல்லலையே."

"சரியான மக்கு ஆமை!"

"மக்குன்னு சொல்ல முடியாதுக்கா. சொன்ன பேச்சைக் கேக்கும். சொல்லாததைச் செய்யாது."

"அப்ப எங்க அல்லி மாதிரி" என்று சிரித்தாள் மங்கையர்க்கரசி. "நான் சொல்லாம ஒரு துரும்பை நகத்த மாட்டா."

ஷமீமா சிரிக்கவில்லை. அல்லியின் பக்கம் திரும்பினாள்.

"அல்லி" என்றாள். "ஆமை ஏன் ஓடிப்போச்சு?"

அல்லிக்கு விடை தெரியும். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேட்டேன்."

அல்லி மறுபடியும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

மங்கையர்க்கரசி அந்தப் பார்வையைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு கோடு மட்டும் இருந்தது.

எழுந்தாள்.

"சதுரம் முடியலையேக்கா?"

"அவ போடட்டும்."

"நீங்க?"

"நான் வெளில இருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். 'தூக்கம் வராததா குடுங்க' என்றார்கள். கடைக்காரர் 'தூங்கினாத்தான் இருமல் நிக்கும்' என்றார்.

உள்ளே விசைகள் தட்டும் சத்தம். நின்றது. மறுபடி தட்டும் சத்தம்.

"மூணு தடவ திரும்பினா போதும் டீச்சர்." அல்லியின் குரல்.

"சதுரத்துக்கு நாலு மூலை. நாலு தடவ திரும்பணும்."

"வேணாம் டீச்சர். கடைசிக் கோடு ஆரம்பிச்ச இடத்துலயே வந்து சேந்துடுது."

"நான் சொல்றேன்ல? நாலு."

பேச்சு நின்றது. இந்த மௌனம் மங்கையர்க்கரசிக்குப் பழக்கமானது. வீட்டில் இதற்கு அடுத்து வருவது 'சரிம்மா'.

"இல்ல டீச்சர்" என்றாள் அல்லி. "நீங்க சொல்றது தப்பு."

மங்கையர்க்கரசி பாதி எழுந்துவிட்டாள். பெரியவர்களிடம் இப்படிப் பேச அவள் சொல்லிக்கொடுத்ததில்லை.

'நான் சொல்லிக்குடுக்கல' என்று மனத்துக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

உள்ளே ஷமீமா சொன்னாள்:

"அப்ப ஓட்டிக் காட்டு."