மைனா டீச்சர் சொன்ன நல்ல சேதி

ஆறு ஓடும் ஒரு காட்டில், நாவல் மரத்தடியில், மைனா ஒன்று சின்னக் குட்டிகளுக்குப் பள்ளி நடத்தி வந்தது. தாய் விலங்குகள் காலையில் குட்டிகளை விட்டுவிட்டு இரை தேடப் போகும். பொழுது சாயும்போது வந்து அழைத்துக்கொள்ளும். வருகிற ஒவ்வொரு தாயும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்.

"எம்புள்ள இன்னைக்கு எப்படி, டீச்சர்?"

இதற்கு உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று மைனாவுக்கு நன்றாகத் தெரியும். முன்பு அதே மரத்தடியில் பள்ளி நடத்திய அணில், "உங்க குட்டி மத்தவங்களக் கடிக்குது, ரெண்டு பேரும் சேர்ந்து கவனிப்போம்" என்று நரியிடம் சொல்லிவிட்டது. மறுநாளே நரிக்குட்டி நின்றுவிட்டது. நரியின் சொந்தக்காரக் குட்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன. பாவம், அணில் இப்போது கொட்டை பொறுக்கிப் பிழைக்கிறது.

அதனால் மைனா யாரிடமும் கசப்பாகப் பேசுவதில்லை. சோற்றைத் தொடாத முயல்குட்டியைப் பற்றி, "வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டுச்சு." எல்லாரையும் முட்டித் தள்ளும் பன்றிக்குட்டியைப் பற்றி, "தங்கமான புள்ள." தாய்கள் பூரித்துப் போயின. பள்ளியில் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு ஆகிவிட்டது.

அந்த வருடம் ஒரு நீர்நாய்க்குட்டி சேர்ந்தது. நீர்நாய்க் குலத்தில் பிறந்தும் அதற்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். மற்ற குட்டிகள் சுனையில் கும்மாளம் போட, அது மட்டும் பாறைமேல் வாலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மெல்ல மெல்லப் பழக்கிவிடலாம் என்றுதான் மைனா முதலில் நினைத்தது. ஆனால் மாலையில் அதன் தாய் ஓடி வந்து, "நீந்தினானா டீச்சர்?" என்று கேட்டபோது, அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து மைனாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஜோரா நீந்தினான்."

மறுநாள் அதற்கு மேலே ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. "முங்கி எழுந்தான்." அடுத்த வாரம், "சுனையை ஒரே மூச்சில் கடந்துட்டான்." இவ்வளவு சொன்ன பிறகு அவனைத் தண்ணீரில் இறக்கி, அழவிட்டு, கற்றுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று மைனா விட்டுவிட்டது. தாயோ, "டீச்சர்தான் சொல்லிக் குடுத்துட்டாங்களே" என்று தானும் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டது. குட்டி பாறைமேலேயே வளர்ந்தது. மாலைதோறும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, தனக்கு நீந்த வரும் என்று அதுவும் நம்பத் தொடங்கியது.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மாலை நீர்நாய்த் தாய் கைக்குழந்தை ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"இக்கரையில மீனே இல்ல, டீச்சர். அக்கரைக்குப் போறோம். சின்னதை நான் வாயில கவ்விக்குவேன். பெரியவனுக்கு என்ன கவலை, அவன்தான் சுனையையே கடக்கிறானே."

மைனா ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. செம்மண் கலந்த வெள்ளம் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேணாமே. ஆறு வேகமா ஓடுது."

"ஒரே மூச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா..." மைனா சுற்றிலும் பார்த்தது. முயலும் பன்றியும் குட்டிகளை அழைக்க வந்து நின்றிருந்தன. இவர்கள் காதில் விழும்படியா சொல்வது? ஒரு கணம் பள்ளியை நினைத்தது. அடுத்த கணம் குட்டி ஆற்றை நோக்கி நடப்பதைப் பார்த்தது.

"அவனுக்கு நீந்தத் தெரியாது! ஒரு நாள்கூடத் தண்ணியில கால் வைக்கல. நான் சொன்னதெல்லாம் பொய்."

நீர்நாய்த் தாய் சிரித்துவிட்டது. "எங்களப் பிரிய மனசில்லாம இப்படிச் சொல்றீங்க. உங்க வாயில பொய் வருமா, டீச்சர்?"

குட்டி திரும்பிப் பார்த்தது. "எனக்கு நீந்தத் தெரியும்மா. டீச்சரே சொல்லியிருக்காங்க" என்றது. பிறகு குதித்தது.

தலை ஒரு முறை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

தாய் கைக்குழந்தையைக் கரையில் போட்டுவிட்டுப் பாய்ந்தது. வளைவு தாண்டி, ஒரு வேரில் மாட்டியிருந்த குட்டியைக் கவ்வி இழுத்து வந்தது. குட்டி தண்ணீரைக் கக்கி, இருமி, அழத் தொடங்கிய பிறகுதான் மைனாவுக்கு மூச்சு வந்தது.

முயல் மெதுவாகக் கேட்டது. "அப்போ என் புள்ள வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டது?"

"சோத்தத் தொடவே இல்ல" என்றது மைனா.

மறுநாள் மரத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. தாய்கள் குட்டிகளைப் பக்கத்துக் கிளியின் பள்ளியில் சேர்த்திருந்தன. அங்கே எல்லாக் குட்டியும் முதல் மாணவன் என்று கேள்வி.

வெயில் ஏறிய பிறகு நீர்நாய்த் தாய் மட்டும் குட்டியோடு வந்தது. "அக்கரைப் பயணத்தை நிறுத்திட்டேன். நேத்து நாலு பேர் முன்னால நின்னு உண்மையைக் கத்தினீங்களே, அதுக்காகத்தான் திரும்பக் கொண்டாந்தேன்" என்று சொல்லி, குட்டியை விட்டுவிட்டுப் போனது.

அன்று மாலை வழக்கமான கேள்வி வந்தது.

"எம்புள்ள இன்னைக்கு எப்படி, டீச்சர்?"

மைனா தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னது. "ஒரு கால்தான் நனைச்சான். அதுவும் அழுதுகிட்டே."

"எந்தக் கால்?" என்று ஆவலாகக் கேட்டு, தாய் அந்தக் காலை நக்கிக் கொடுத்தது.

நீதி: பெற்றோர் மனம் குளிரச் சொல்லும் பொய், பிள்ளையின் தலையில்தான் வந்து விடியும்.