சுவரில் ஒரு கறுப்பு

"மேடம், நாம கட்டினது இந்த ஊருக்குப் பிடிக்கவே இல்லை. நான் படிப்பையே விட்டுடப் போறேன்."

பஸ்ஸை விட்டு இறங்கிய எஸ்தர் மேடத்திடம் ஹர்ஷிதா சொன்ன முதல் வார்த்தை இதுதான். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

மேடம் கட்டடக்கலைக் கல்லூரிப் பேராசிரியை. அதிகம் பேசமாட்டார். சந்தேகம் கேட்டால், நீயே பார்த்துக்கொள் என்பதுபோல ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

ஹர்ஷிதா அவருடைய மாணவி. சென்னைப் பெண். அவளும் வகுப்பும் சேர்ந்து அந்த ஊருக்கு ஒரு பால்வாடி கட்டியிருந்தார்கள். வரைந்தது அவள். செங்கல் சுமந்தது எல்லோரும். சும்மா சொல்லக்கூடாது, வெயில் தெரியாத கூடம், குழந்தை எட்டிப் பார்க்கிற உயரத்தில் ஜன்னல், பளிச்சென்று வெள்ளைச் சுவர்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வரவேண்டும். தாய்மார்கள் அனுப்புவார்களா என்பதுதான் அவள் பயம். பக்கத்து ஊரில் முந்தைய வகுப்பு கட்டிய நூலகம் பூட்டியே கிடக்கிறது. அதில் இப்போது ஆடுகள்தான் ஒதுங்குகின்றன.

"ஊர்ல என்ன சொல்றாங்க?" என்றார் மேடம்.

சொன்னால்தானே. பால் காய்ச்சிய அன்று ஊரே வந்தது, சுற்றிப் பார்த்தது, சாப்பிட்டது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. இவளாக வலியப் போய்க் கேட்டதற்கு, ஏதோ இருக்குது என்றார்கள். எதிர்வீட்டுத் தனக்கொடி அதைக்கூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இதைச் சொல்லும்போது ஹர்ஷிதா அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அதுகூடப் பரவாயில்லை மேடம். இங்கே பாருங்க."

வாசலை ஒட்டி, சுவரில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தது.

"இந்த இடத்துல கரியைத் தேய்க்கிறாங்க. நான் வெள்ளையடிக்கிறேன். விடிஞ்சா மறுபடியும் இருக்கு. இப்பத்தான் திரும்ப அடிச்சேன்."

மேடம் விசாரித்தார். எப்போதும் இதே இடமா? இதே இடம்தான். எவ்வளவு பெரிசு? ஒரு ரூபாய்க் காசு அகலம். வேறு எங்கேயாவது கிறுக்கல், உடைசல்? இல்லை.

மேடம் ம் என்றார். படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்ட ஆரம்பித்தார்.

ஹர்ஷிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்திக்கு உயிர் போகிறது, இவருக்குச் செருப்பு முக்கியமாகப் போய்விட்டது. இதற்காகவா பஸ் ஏறி வரச் சொன்னோம் என்று நினைத்தாள்.

அந்த நேரம் தனக்கொடி வீட்டை விட்டு வெளியே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கடைக்குப் போகிற அவசரம். இவர்களைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள்.

மேடம் எழுந்தார். கட்டடத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தனக்கொடிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"என்ன அழகா இருக்கு இந்தப் பால்வாடி. இந்தச் சுத்துவட்டாரத்துலயே இப்படி ஒண்ணு கிடையாது."

தனக்கொடிக்கு முகம் மாறிவிட்டது. போன வழியை விட்டுவிட்டு விறுவிறுவென்று வந்தாள். வாசல் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

வெறும் வெள்ளை.

"யாரு இதை அழிச்சது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குழந்தையின் கன்னத்தில் பெரிதாக இட்டிருந்த மையில் கட்டைவிரலை ஒற்றி எடுத்தாள். சுவரில் அழுந்த வைத்தாள். பிறகு மேடத்தைக் கொஞ்சம் கோபமாகத்தான் பார்த்தாள்.

"கண்ணு வைக்காதீங்க டீச்சர். திங்கக்கிழமையிலேருந்து எங்க புள்ளைங்க இதுலதான் இருக்கப்போவுதுங்க."

மேடம் பவ்யமாகத் தலையாட்டினார்.

ஹர்ஷிதா குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் கன்னத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது, இரண்டையும் அவளால் நிறுத்த முடியவில்லை.

"நான்தான் அக்கா அழிச்சேன்," என்றாள். "தினமும் நான்தான் அழிச்சேன்."

தனக்கொடி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே. பெத்தவளே அழிக்கலாமா?"

விரலில் மிச்சமிருந்த மையை ஹர்ஷிதாவின் கன்னத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.