மந்தி மறைத்த மூங்கில் கால்

மூங்கிலடிக் காட்டில் வஞ்சி என்றொரு மந்தி இருந்தது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் அதை அடிக்க ஆளில்லை.

அதன் கெட்டிக்காரத்தனம் இதுதான். புதிய கட்டு எதையும் அது நோயாளி மேல் போட்டுப் பார்க்காது. குகைக்குள் ஒரு பொம்மைக் கால் செய்து வைத்திருந்தது. எலும்புக்கு மூங்கில், நரம்புக்குக் கொடி, சதைக்குக் களிமண். முழங்கால்கூட நிஜக் கால் போலவே மடங்கும். அந்தக் காலை வேண்டுமென்றே முறிக்கும். பிளந்த மூங்கில் தப்பை வைத்துக் கட்டும். மேலே கல்லை ஏற்றும். கட்டு தாங்கினால்தான் அடிபட்ட மானுக்கு அதே கட்டு. கீழ்க்கால் முறிந்து வந்த மான்களெல்லாம் துள்ளிக்கொண்டு திரும்பிப் போயின.

அந்த நாளில் காட்டுக்குக் காடு சேதி கொண்டுபோவது கிளிகள். இந்த மரத்துக் கிளி சொன்னதை அடுத்த மரத்துக் கிளி சொல்லும். காலையில் இங்கே சொன்னது பொழுது சாய்வதற்குள் ஆற்றைத் தாண்டி, மலையைத் தாண்டிப் போய்விடும்.

வஞ்சி ஒரு கிளியைக் கூப்பிட்டது. "முறிவுக்கு மேலும் கீழும் தப்பை வை. முழங்காலுக்குப் பின்னால் முடிச்சுப் போடு. எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கு! எந்தக் காலுக்கும் ஆகும்! இது வஞ்சி கண்ட கட்டு என்று சொல். பேரை விட்டுவிடாதே!" என்றது.

கிளி சொன்னது. காடெல்லாம் வஞ்சியின் பேர்தான்!

அக்கரைக் காட்டில் மொத்தையன் என்றொரு கரடி. அதுவும் வைத்தியம் பார்க்கும். சேதியைக் கேட்டதும் ஆற்றில் நீந்தி நேரே வந்துவிட்டது.

"வைத்தியரம்மா! கட்டைக் கேட்டேன். ரொம்ப நன்றாயிருக்கிறது. ஏதோ பொம்மைக் காலில் போட்டுப் பார்த்தீர்களாமே? அந்தக் காலை ஒரு தடவை காட்டுங்களேன். நானும் அதே மாதிரி ஒன்று செய்துகொள்கிறேன்."

வஞ்சி குகை வாசலில் நின்று கையை அகலமாக விரித்து மறித்துக்கொண்டது.

"அது இன்னும் சரியாக முடியவில்லை, அண்ணே. அங்கங்கே ஒட்டுப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டுக் காட்டுகிறேன்."

"ஒட்டுப் போட்டிருந்தால் என்ன? வேலை செய்கிறதல்லவா?"

"அடுத்த மழைக்குள் முடித்துவிடுவேன். அப்போது வாருங்கள்!"

உண்மையில் வஞ்சிக்கு இரண்டு பயம். காலின் அலங்கோலத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்பது ஒன்று. பார்த்துச் செய்துகொண்டால் தன்னைத் தேடி யார் வருவார்கள் என்பது இன்னொன்று. பெரிய வைத்தியருக்கு வருகிற பயமா இது! மழை வந்தது, போனது. கரடியும் வந்தது, போனது. கால் மட்டும் வெளியே வரவில்லை.

அப்போதுதான் அக்கரையில் ஒரு யானைக்குட்டி பள்ளத்தில் விழுந்தது. பின்னங்காலில் முழங்காலையொட்டி முறிவு. கரடிக்குத் தெரிந்ததெல்லாம் கிளி சொன்ன கட்டுதான். அப்படியே போட்டது, நன்றாக இறுக்கியது. மறுநாள் குட்டியின் பாதம் சில்லிட்டுக் கிடந்தது. கரடி பதறிப்போய் அவிழ்த்தது. உயிர் பிழைத்தது, கால் பிழைக்கவில்லை. குட்டி அதற்குப் பிறகு அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தது.

கரடி கிளியை அனுப்பியது. "உங்கள் கட்டில் ஏதோ தப்பு இருக்கிறது, அம்மா. இரத்தம் போகவில்லை. உங்கள் பொம்மைக் காலில் இரத்தத்துக்கு வழி வைத்தீர்களா?"

வஞ்சிக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் விடுமா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கட்டத் தெரியாமல் கட்டிவிட்டு என்மேல் பழி போடாதே என்று சொல், போ!"

கரடி அதோடு பேச்சை விட்டுவிட்டது. தானே ஒரு பொம்மைக் கால் செய்யத் தொடங்கியது. தாமரைத் தண்டு துளை உள்ளதல்லவா? அதை உள்ளே ஓடவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்தது. அந்த வேலை நன்றாகவே வந்தது. ஆனால் முழங்கால் மட்டும் மடங்கவே மாட்டேன் என்றது.

ஒரு நாள் வஞ்சியின் குட்டி சிட்டான் அத்திமரத்தின் உச்சாணிக் கிளையிலிருந்து தவறி விழுந்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

"அம்மா இருக்கிறேன், அழாதே கண்ணு!" என்று வஞ்சி தன் கட்டையே போட்டது. காலையில் தொட்டுப் பார்த்தால் பாதம் சில்லென்றிருந்தது! விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

வஞ்சி கட்டைத் தளர்த்தியது. எலும்பு நழுவியது. பிள்ளை வீறிட்டான். மறுபடி இறுக்கியது. பாதம் மறுபடி சில்லிட்டது. தளர்த்தினால் எலும்பு நிற்காது, இறுக்கினால் கால் தங்காது. வஞ்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கிளியே! ஓடு! மொத்தையன் அண்ணனிடம் சொல். அவர் சொன்னதுதான் சரி. என் பிள்ளையைக் காப்பாற்றச் சொல்!"

கரடி வந்தது. கையில் தாமரைத் தண்டு. கூடவே ஆற்றைக் கடந்து தாய் யானையும் அதன் நொண்டிக் குட்டியும் வந்தன.

"உங்கள் பொம்மைக் காலை வெளியே கொண்டு வாருங்கள், அம்மா. நான் செய்ததில் முழங்கால் மடங்கவில்லை. முழங்கால் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றது கரடி.

வஞ்சி உள்ளே ஓடியது. ஒட்டும் உடைசலுமாக இருந்த அந்தக் காலைத் தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் போட்டது. யாரும் சிரிக்கவில்லை.

கரடி தண்டை மூங்கிலோடு ஓடவிட்டுத் தண்ணீர் ஊற்றியது. வஞ்சி தன் கட்டைக் கட்டியது. சொட்டு நின்றது.

"முடிச்சைப் பாருங்கள்! முழங்காலுக்குப் பின்னால் தண்டின் மேலேயே அழுத்துகிறது!" என்றது கரடி.

"ஐயோ! கீழ்க்கால் முறிவில் இறுக்கமெல்லாம் கீழேதான், முழங்காலுக்குப் பின்னால் முடிச்சு லேசாகத்தான் நிற்கும். முழங்காலிலோ தொடையிலோ முறிந்தால் மொத்த இறுக்கமும் அங்கேதான் விழும். அதனால் மான்களுக்குத் தெரியவில்லை. முடிச்சை வெளிப்பக்கம் தள்ளிப் பார்க்கலாமா?"

தள்ளினார்கள். கல்லை ஏற்றினார்கள். எலும்பு அசையவில்லை, தண்ணீரும் சொட்டியது. அதே கட்டைச் சிட்டானுக்குப் போட்டார்கள். எல்லோரும் அந்தப் பிஞ்சுப் பாதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெல்ல மெல்லச் சூடு வந்தது. சிட்டான் விரலை அசைத்தான்.

"பிழைத்துக்கொண்டான்!" என்றது கரடி. வஞ்சி ஓவென்று அழுதது.

தாய் யானை இப்போது கேட்டது: "ஏம்மா, இவர் முதல் முதல் வந்து கேட்ட அன்றைக்கே இந்தக் காலைக் காட்டியிருந்தால், என் பிள்ளையும் நேராக நடந்திருப்பானா?"

வஞ்சியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நடந்திருப்பான், தாயே. நான்தான் கெடுத்தேன்."

யானை குட்டியைக் கூட்டிக்கொண்டு, அதன் நடைக்கு ஏற்றபடி மெதுவாக ஆற்றுப் பக்கம் போனது. அது திட்டியிருந்தால்கூட வஞ்சிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றே வஞ்சி கிளிகளை எல்லாம் கூப்பிட்டது. எந்த மூங்கில், எந்தக் கொடி, எங்கே ஒட்டு, எதை மறந்தேன், மொத்தையன் எதைச் சேர்த்தார் என்று ஒன்று விடாமல் சொன்னது. "யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். தப்பு இருந்தால் திருப்பிச் சொல்லட்டும்!" என்றது. கொஞ்ச நாளில் கடலோரக் காட்டு நீர்நாயிடமிருந்து பதில் வந்தது: "பொம்மைக் காலில் கணுக்காலும் சரியில்லை, அம்மா. எப்படித் திருத்தினேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்." வஞ்சி உட்கார்ந்து கேட்டது.

அறிவை மூடி வைத்தால் அதிலுள்ள தவறும் சேர்ந்தே மூடிக் கிடக்கும், அதற்கான விலையை ஒன்றும் அறியாதவர்கள் கொடுப்பார்கள்.