போயிட்டு வர்றேன் என்று சொன்ன ப்ளக்-இன்கள்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கிடங்கின் மாடியில் மூன்று பேர் மென்பொருள் கம்பெனி நடத்தி வந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஓர் ஆளின் புத்தி இருந்திருந்தால்கூட நான் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது. தலைவர் பூபாலன் அண்ணாச்சி. நிறைய யோசிப்பார், அதுதான் தொல்லை. மற்ற இருவர் சுடலைமணியும் சேசுராஜும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். "கம்ப்யூட்டர் சூடாகாம பாத்துக்கோங்க" என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அதன் முன்னால் தினமும் ஒரு செம்பு மோர் வைத்தார்கள். சாயங்காலம் வீணாகிவிடக் கூடாதென்று சேசுராஜ் அதைக் குடித்துவிடுவான்.

இவர்களைத் தேடித்தான் செண்பகவல்லி அக்கா மாடியேறி வந்தார். இட்லி மாவு ஆட்டி விற்கிறவர். இனிமேல் போனிலேயே ஆர்டர் எடுக்கலாம் என்று அவருக்கு ஆசை.

"ஆர்டர் எல்லாம் கேட்வேன்னு ஒரு வாசலுக்குத்தான் வரும். வெளியாளுங்க எழுதிக் குடுத்த மூணு ப்ளக்-இன் இருக்கு, வாசல்ல வந்து ஒட்டிக்கிட்டு வேலை பாக்குத குட்டி புரோகிராமுங்க. ஒண்ணு விலாசத்தைப் பாக்கும், ஒண்ணு போன் நம்பரைப் பாக்கும், இன்னொண்ணு எத்தனை பாக்கெட்டுன்னு கடைக்குச் சொல்லும். வாசலும் அதுகளும் எப்படிப் பேசிக்கிடணும்னு ஒரு புரோட்டோகால் எழுதித் தாங்க. நம்ம வீட்டுக்கு வர்றவங்கள நடத்துத மாதிரி மரியாதையா இருக்கணும்" என்றார் அக்கா.

"வீட்டுக்கு வர்றவங்க மாதிரி" என்று சுடலைமணி எழுதிக்கொண்டான். அடியில் கோடும் போட்டான்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஆரம்பம். எழுபது வாளி மாவு ஆட்டி வைக்கேன். கையில இருக்கதெல்லாம் இதுல போட்டாச்சு. மாவு யாருக்காகவும் காத்திருக்காது, பாத்துக்கோங்க."

அக்கா போனதும் ஆலோசனை தொடங்கியது.

"முதல்ல ஆர்டரை அனுப்பணும்" என்றான் சுடலைமணி.

"வந்தவங்ககிட்ட எடுத்த எடுப்புல வேலை சொல்லுவியா?" என்று அண்ணாச்சி கடிந்துகொண்டார். "முதல்ல 'வாங்க'. அப்புறம் 'சாப்பிட்டாச்சா'. அது 'ஆச்சு'ன்னு சொன்ன பிறகுதான் ஆர்டர்."

"ஆகலன்னு சொல்லிட்டா?"

மூவரும் மூன்று மணி நேரம் யோசித்தார்கள். எந்த ப்ளக்-இன்னும் "ஆகல" என்று சொல்லக் கூடாதென்று விதி எழுதினார்கள்.

"வேலை முடிஞ்சதும் 'போறேன்'னு சொல்லிட்டு இணைப்பைத் துண்டிச்சிரணும்" என்றான் சுடலைமணி.

அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். "நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல என்ன பேச்சு பேசுதே? போறேன்னு எவனாவது சொல்லுவானா? 'போயிட்டு வர்றேன்'னு எழுது."

சேசுராஜ் வெகு நேரம் மோட்டுவளையைப் பார்த்தான். "அண்ணாச்சி, வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க திரும்பி வர்றதுக்குள்ள கதவைச் சாத்தினா மரியாதையா?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ஆள் தன்னிடம் வேலை பார்ப்பதே புண்ணியம் என்றார். வர்றேன் என்று சொன்ன யாருக்கும் கதவைச் சாத்துவதில்லை என்பது கடைசி விதியானது. கேட்வேயில் நாற்பது கதவுகள் இருந்தன; ஒரு ப்ளக்-இன் ஒரு தடவை வந்துபோக ஒரு கதவு. சனிக்கிழமை ஒரே ஒரு ஆர்டரை விட்டுப் பார்த்தார்கள், அழகாகப் போய்ச் சேர்ந்தது. மூவரும் பால்கோவா சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஆர்டர்கள் குவிந்தன. சனிக்கிழமை விட்டுப் பார்த்ததையும் சேர்த்துப் பதின்மூன்று ஆர்டர் கடைக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ப்ளக்-இன் வந்து, வேலையை முடித்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயின. முப்பத்தொன்பது கதவுகள் அவற்றுக்காகத் திறந்தபடி காத்திருந்தன. பதினாலாவது ஆர்டருக்குக் கதவு போதவில்லை. அதன் பின்னால் அறுநூறு ஆர்டர் வரிசையில் நின்றது.

ஏழு மணிக்கு அக்கா போனில் கூப்பிட்டார். "ஆர்டர் நின்னு போச்சே! மாவு பொங்குது!"

"போனவங்க இன்னும் வரல அக்கா. வந்ததும் ஆரம்பிச்சிருவோம்" என்றார் அண்ணாச்சி.

எட்டு மணிக்கு மூவருக்கும் கவலை வந்துவிட்டது. வழியில் என்ன ஆயிற்றோ? "ஏன் இன்னும் வரலை?" என்று எல்லா ப்ளக்-இன்களுக்கும் நொடிக்கு நூறு முறை ஆளனுப்பினார்கள். விலாசம் பார்க்கும் ப்ளக்-இன்னை எழுதிய மதுரைக்காரர் போனில் கத்தினார்.

"யோவ், எதுக்கய்யா என் புரோகிராமைப் போட்டு இந்த உலுக்கு உலுக்குறீங்க?"

"வர்றேன்னு சொல்லிட்டுப் போச்சுங்க."

மனிதர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் தொலையட்டும் என்று மற்ற ப்ளக்-இன்காரர்களிடமும் சொல்லி எல்லாவற்றையும் ஒரு தடவை திரும்பி வரச் செய்தார். மாடியில் ஒரே கொண்டாட்டம். கேட்வே ஒவ்வொன்றையும் "வாங்க" என்றது, சாப்பிட்டாச்சா என்று விசாரித்தது. அவையும் "ஆச்சு" என்றன. அப்புறம் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பின.

ஒன்பது மணிக்கு அக்கா அழுதபடி கூப்பிட்டார். "நேர்ல வந்து பாருங்கடா பாவிகளா!"

நேரில் வரச் சொன்னதால் மூவரும் நேரில் போனார்கள். எழுபது வாளியும் பொங்கி, மூடிகளைத் தள்ளிக்கொண்டு மாவு தரையில் இறங்கியிருந்தது. அக்கா கடைக்குள் முழங்கால் அளவு மாவில் நின்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். மாவு அவரைச் சுற்றிக்கொண்டு வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

"வெளிய போகுதே, வெளிய போகுதே! நிப்பாட்டுங்க!" என்று அலறினார் அக்கா.

அண்ணாச்சி குனிந்து, தன் செருப்பைக் கடந்து சென்ற மாவைக் கூர்ந்து பார்த்தார். "சேசு, போகும்போது ஏதாவது சொல்லுச்சா?"

சேசுராஜ் காதைக் கொடுத்துக் கேட்டான். "ஒரு வார்த்தை சொல்லல அண்ணாச்சி. அது பாட்டுக்குப் போகுது."

"வர்றேன்னு சொல்லலையே?"

"சத்தியமா சொல்லல."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. அந்தக் கடைசி விதியை எழுதியதிலிருந்து சாத்துவதற்கு அவருக்கு ஒரு கதவு கிடைத்தது இப்போதுதான். ஷட்டரைச் சரசரவென்று இறக்கினார். சுடலைமணி பூட்டினான். உள்ளேயிருந்து அக்கா ஷட்டரை இடித்தார்.

"லே, நான் உள்ள இருக்கேம்லே!"

"அப்படியே இருங்க அக்கா" என்றார் அண்ணாச்சி நிம்மதியாக. "நீங்கதான் எங்கயும் போகலையே, உங்களுக்கு எதுக்குக் கதவு?"