ஆற்றுக்கு முதுகு

காவிரி பாறைகளை விட்டிறங்கி, அவசரமில்லாமல் போகிற ஓரிடத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். கூடத்தின் திறந்த பின்பக்கத்தில் பரிசல்துறை. பொழுது சாய்கிற நேரத்தில் குருநாதர் சங்கு ஊதுவார். எல்லோரும் ஆற்றுக்கு முதுகு காட்டி, சுவரோரம் எரிகிற விளக்கைப் பார்த்துத் தியானத்தில் உட்காருவார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

ஆவுடையம்மாளால்தான் உட்கார முடியவில்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். வைத்தியர்கள் பார்த்துவிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

குருநாதருக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளுக்கு அவர் சாமி.

“சாமி, எங்க வீட்டுக்காரர் வேலை தேடிப் பரிசலேறிப் போனப்போ எனக்கு ஒரு நரை கிடையாது. இன்னிக்கும் துடுப்புச் சத்தம் கேட்டா உசுரு அங்கே ஓடுது. இந்த ஏக்கத்தைப் பிடுங்கி எறிஞ்சிடுங்க. அப்பதான் எனக்கு மூச்சு வரும்.”

“போகும்போது என்ன சொன்னார்?”

அந்த வயதிலும் அவளுக்கு வெட்கம் வந்தது.

“நான் நல்ல நெட்டைங்க சாமி. ‘கரையில நீ நின்னா பனைமரமாட்டம் தூரத்திலேயே தெரியும்டி, எனக்கு வழி தப்பாது’ன்னு கேலி பண்ணிட்டுப் போனார்.”

அரிசி களைந்துகொண்டிருந்த சமையல்காரர் கோதண்டம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்போ பனைமரமா? குலை தள்ளிச் சாஞ்ச வாழையாட்டமில்ல இருக்கீங்க அக்கா!”

அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று.

அன்று மாலை குருநாதர் சங்கை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தார். இடது தோளைத் தூக்கினார். கழுத்தை ஒடித்து, ஒரு காதைப் பின்னாலிருந்த ஆற்றின் பக்கம் திருப்பினார். முதுகு கூனியது. வயிறு மடிந்தது. அப்படியே சங்கை வாயில் வைத்தார்.

புஸ்ஸென்று காற்று வந்தது. மறுபடி ஊதினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

“உள்ளே எறும்பு கிறும்பு போயிடுச்சா சாமி?” என்றார் கோதண்டம். கூடம் சிரித்தது.

ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. அந்தத் தோள் யாருடையது, அந்தக் கழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குருநாதர் நிமிர்ந்தார். ஊதினார். ஒலி ஆற்றைக் கடந்து, அக்கரைப் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

“கொஞ்சம் எழுந்திருங்கம்மா.”

அவளுடைய பாயை எடுத்துத் திருப்பிப் போட்டார். இப்போது விளக்கு பின்னால். எதிரே ஆறு.

“வழக்கம் கெட்டுப்போகுமே சாமி?”

“விளக்கு கோவிச்சுக்காது. உட்காருங்க.”

உட்கார்ந்தாள். காதைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. கழுத்து தானே நேரானது. தோள் இறங்கியது. எத்தனையோ காலமாக மடிந்து கிடந்த வயிறு மெல்ல விரிந்தது. மூச்சு, யாரும் கூப்பிடாமலே, அடிவயிறு வரை போய் வந்தது.

மங்கிய வெளிச்சத்தில் ஒரு பரிசல் வந்தது. சுழன்று சுழன்று கரை தொட்டது. ஓர் ஆள் இறங்கினான். தோளில் ஆட்டுக்குட்டி.

அவர் இல்லை.

அவளிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. நிற்கவில்லை, திரும்பி வந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“ஏக்கம் போகலையே சாமி.”

“நான் போகச் சொல்லலையே.”

ஆட்டுக்குட்டியின் குரல் மேட்டில் ஏறித் தேய்ந்தது. பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். வெறும் துறையைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

“இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா அவர் வந்துடுவாரா?”

குருநாதரும் துறைப் பக்கம் திரும்பினார்.

“தெரியாதும்மா. வந்தா, ஒரு பனைமரத்தைத்தான் தேடுவார்.”