தாகம் எடுக்காதவன்

கிணறு பாதியில் நின்றுபோனது. கோளாறு அதுதான்.

கண்மாய் வெடித்துக் கிடந்த கோடை அது. ஊரே நாக்கு வறண்டு கிடந்தது. அந்த நேரத்தில் போய், வெட்டிக்கொண்டிருந்த கிணற்றை நிறுத்தினார்கள் எருக்கலம்பட்டிக்காரர்கள்.

வெட்டியவன் வீரணன். அவன் மொட்டைமலைக்கு ஏறினான்.

மலையில் அவனுடைய குரு இருந்தார். எல்லோருக்கும் அய்யா. ஆண்டவன் ஒருவன், அவனுக்கு உருவம் கிடையாது என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

"ஏண்டா நிறுத்தினீங்க?"

"கல்லு ஒண்ணு குறுக்க வந்துச்சுங்கய்யா. மூஞ்சி மாதிரி இருக்கு. கண்ணு ரெண்டும் குழியா."

"கல்லு வந்தா?"

"கடப்பாரை பட்டதும் அது மேல ரத்தம். சாமின்னு சனம் விழுந்திருச்சு. மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, தினமும் தண்ணி ஊத்தி அபிஷேகம்."

"தண்ணி ஏது?"

"காட்டாத்துல ஊத்துத் தோண்டிப் பொம்பளைங்க சுமந்து வாராங்க. பாதி வீட்டுக்கு, பாதி சாமிக்கு."

அய்யா அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் ஒரு வெட்டு, பாதி ஆறியிருந்தது.

"இது என்ன?"

"கடப்பாரை வழுக்கிக் கிழிச்சிருச்சு."

"எப்ப?"

வீரணன் கையை இழுத்துக்கொண்டான்.

"என் கை ரத்தம்னு அப்பவே சொன்னேன்யா. யாரு காதுலயும் விழல."

"திரும்பச் சொல்லலியா?"

"அதுக்குள்ள பரிவட்டம் கட்டிட்டாங்க."

அந்த மரியாதைத் துணி இன்னும் அவன் தலையில்தான் இருந்தது. அந்த வெயிலில் மலை ஏறும்போதும் அவிழ்க்க மனம் வரவில்லை அவனுக்கு.

"அப்ப ஊரே உன் கையில வழிஞ்சதைக் கும்பிடுது."

"இருந்தாலும்யா... ஊத்துற தண்ணி அத்தனையும் குடிச்சிருது. சொட்டு மிஞ்சல."

"நீ கிணறு வெட்டுறவன்தானே? எங்கடா போகுது அந்தத் தண்ணி?"

தெரியாமலா இருக்கும். கல்லின் ஓரத்தில் வெடிப்பு. தட்டினால் வெறுங்குடத்தைத் தட்டிய மாதிரிச் சத்தம்.

"கல்லுக்குக் கீழ ஊத்து இருக்குங்கய்யா."

"பிள."

"பயமா இருக்கு."

அய்யா அவனுடைய சுரைக்குடுக்கையை வாங்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"தாகம். குடிச்சேன். நான் யாருடா?"

"மனுசனுங்கய்யா."

"நாம கும்பிடுறவனுக்குத் தாகம் எடுக்குமா?"

வீரணன் வாயைத் திறந்தான்.

"இங்க சொல்லாத. கீழ போயிச் சொல்லு."

மலை இறங்கும்வரை அவன் வீரன்தான்.

கிணற்றுக்குள் இறங்கும் படியில் பெண்கள் பானையோடு வரிசையாக நின்றார்கள். மேட்டில் அம்பலம் நின்றிருந்தார். ஊருக்குப் பெரிய மனிதர், பரிவட்டம் கட்டிவிட்டவர்.

வீரணன் யாரையும் பார்க்காமல் இறங்கினான். கடப்பாரையை எடுத்தான். ஓங்கினான்.

கல் அவனைப் பார்த்தது.

மஞ்சளுக்கு அடியில் இருப்பது தன் ரத்தம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கை இறங்கவில்லை. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"அப்படிக் கும்பிடுப்பா," என்றார் அம்பலம். "எந்திரிச்சு அபிஷேகத்தை ஆரம்பி."

எழுந்தான். பானைகளை வாங்கி வாங்கி ஊற்றினான். கல் குடித்தது.

அடுத்து நின்றவள் அவன் மனைவி. மலைக்கு வா என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம், "நானும் ஏறிட்டா உலையை யாரு பாக்குறது?" என்று கேட்டவள். வீட்டில் மகன் காய்ச்சலில் கிடந்தான்.

வீரணன் கையை நீட்டினான். அவள் பானையைக் கொடுக்கவில்லை.

"எதுக்கு?"

"சாமிக்கு."

"அதுக்குத் தாகமா?"

மலை மேல் கேட்ட அதே கேள்வி.

"உன்னையத்தான் கேக்கேன். புள்ள தண்ணி தண்ணிங்கான். அவனுக்குத் தாகம். இதுக்குமா?"

"மெதுவாப் பேசு..."

"தாகம் எடுக்கிறதெல்லாம் சாமியா?"

அவள் பானையைப் படியில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். கடப்பாரையை எடுத்தாள்.

"தள்ளு."

"ஏ, புள்ள," அம்பலம் குரல் கொடுத்தார். "அதைத் தொட்டா கண்ணு போயிரும்."

"கண்ணைக் குடுத்தவன் ஒருத்தன் இருக்கான். வேணும்னா அவன் எடுத்துக்கிடட்டும். இந்தக் கல்லா குடுத்துச்சு?"

சொல்லிக்கொண்டே கல்லின்மேல் ஒரு போடு போட்டாள்.

தீப்பொறி பறந்தது. யாரோ ஒருத்தி அழுதாள். வீரணன் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். பொட்டும் மஞ்சளும் சில்லுச் சில்லாகத் தெறித்தன. வீரணன் விலகிப் படியில் ஒண்டிக்கொண்டான்.

கல் பிளந்தது. ஒரு பாதி உள்ளே விழுந்தது.

தொபுக்கென்று தண்ணீரில் விழுந்த சத்தம்.

சனம் கும்பிட்ட கைகளை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றார்கள். எதிரே முகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அம்பலமும் மூடிக்கொண்டார்.

வீரணன் தலைத்துணியை அவிழ்த்தான். குனிந்து ஊற்றில் முக்கிப் பிழிந்தான். மகன் நெற்றியில் போட வீட்டுக்கு ஓடினான்.

அம்பலம் கெட்டிக்காரர். உடனே ஆள் அனுப்பிப் புதுப் பரிவட்டம் வரவழைத்தார். கல்லைப் பிளந்தவளிடம் நீட்டினார்.

"தலையில பானை வைக்கணும்," என்றாள். "இடம் இல்ல."

பானையை நிறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வீரணன் குடுக்கை நிறையக் கிணற்றுத் தண்ணீரோடு மலை ஏறினான்.

அய்யா ஒரு வாய் குடித்தார்.

"பிளந்தியா?"

"நான் பிளக்கலைங்கய்யா. விழுந்து கும்பிட்டேன்."

அய்யா குடுக்கையைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருசம் உங்க காலடியில கெடந்தும் நான் விழுந்தேன். ஒருநாளும் மலை ஏறாதவ பிளந்தா. நீங்க கேட்டதையே கேட்டாய்யா. யாரும் சொல்லிக் குடுக்கல."

அய்யா எழுந்து நின்றார். ஜமீன்தாரே வந்தபோதும் எழுந்திருக்காத மனிதர்.

"பேரு?"

வீரணன் நிமிர்ந்தான். தலையில் துணி இல்லை. மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"எங்க வீட்டுக்காரிதான்யா. செவ்வந்தி."