மணிக்கு அடியில்

ஆவுடையப்பன் தன் அப்பாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். தடித்தது கீழே, மெல்லியது மேலே. பட்டையெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

"போயிட்டு வாரேன்ப்பா" என்றார் மகன்.

அப்பா தலை தூக்கவில்லை. "அந்தக் கட்டையை எடுத்து இது மேல வை."

வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த மாதமே அப்பா போய்ச் சேர்ந்தார். ஊருக்குப் போகிற பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர் என்ற வருத்தம் ஆவுடையப்பனுக்குள் ஆறாமல் கிடந்தது.

பிறகு அவர் தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடத்தில் அடியாராகச் சேர்ந்தார். குடும்பஸ்தர்தான். பக்கத்துத் தெருவில் வீடு, மனைவி சங்கரவடிவு. மடத்தில் அவருக்கு நல்ல பெயர். தினமும் அதே கஞ்சி, அதே துவையல். வேறு எதை வைத்தாலும் கை அப்படியே நின்றுவிடும். உட்காருவது ஒரே தூணடியில். யார் பேசினாலும் பார்வை தரையில் இருக்கும். ஜபம் செய்யும்போது உடம்பு முன்னும் பின்னும் ஆடும். மடத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"அண்ணாச்சி பாதி சாமி ஆயிட்டாரு. மீதிப் பாதியை அக்காதான் விடாமப் பிடிச்சு வச்சிருக்கா" என்பார் மடத்துச் சமையல்காரர் கந்தையா.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஆவுடையப்பனுக்குப் பிறந்தவள் உமையாள். ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டே இருப்பாள். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் தெருவே கூடும்படி அழுவாள். வெறும் சோற்றைத் தவிர எதுவும் இறங்காது.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். "இது ஆட்டிசம். நோய்னு நினைக்காதீங்க. அவ உலகத்தைப் பாக்குற விதமே வேற. பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க, நிறையக் கத்துக்குவா" என்றார் அவர். பிறகு கேட்டார்: "உங்க குடும்பத்துல யாராவது இந்த மாதிரி உண்டா?"

"எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது" என்றார் ஆவுடையப்பன், மேசைக் காலைப் பார்த்தபடி.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடிப்பூரத்தன்று, பேச்சு வராத பிள்ளையைப் பெரிய மணிக்கு நேர் கீழே நிறுத்தி, பூசை முடியும்வரை மணி அடிப்பார்கள். நாதம் காது வழியே இறங்கி நாக்கைத் திறந்துவிடும் என்று நம்பிக்கை. அதற்கு மடத்துத் தலைவர் உத்தரவு தர வேண்டும். தலைவர் ஏகாம்பர சாமி, ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர். முந்தைய தலைவர் மறைந்தபின் வந்தவர். அவரிடமும் ஆவுடையப்பன் "சரி சாமி" என்பதற்குமேல் பேசியதில்லை.

ஆடிப்பூரத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு காலையில் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

"ஆடிப்பூரத்துக்கு உத்தரவு வேணும் சாமி."

"உத்தரவு குடுத்துராதீங்க சாமி" என்றாள் சங்கரவடிவு. "குக்கர் சத்தத்துக்கே சுவரோரம் போய் ஒடுங்கிருவா. மணிக்கு அடியில நிறுத்தினா என் பிள்ளை தாங்காது. பயிற்சிக்குப் போவோம்னா இவுக கேக்க மாட்டேங்காக."

"பயிற்சி நோயாளிக்கு. என் பிள்ளைக்கு என்ன நோய்?" என்றார் ஆவுடையப்பன்.

சாமி உமையாளைப் பார்த்தார். அவள் தூணடியில் உட்கார்ந்து உதிர்ந்த பூக்களைக் காம்பு ஒரே பக்கம் வரும்படி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த அடுக்குற வேலையை யார்கிட்ட கத்துக்கிட்டா?"

"யாரும் சொல்லித் தரல சாமி."

"உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் இப்படி அடுக்கினதில்லையா?"

ஆவுடையப்பனின் பார்வை அந்தக் காம்புகளில் நின்றது. பிறகு, "எங்கப்பா விறகு அடுக்குவாரு" என்றார்.

சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பட்டைகள் ஒரே பக்கம் பார்த்ததைச் சொன்னார். அப்பா யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாததைச் சொன்னார். கடைசி நாளைச் சொன்னார். "கண்ணெடுத்துப் பாக்கல சாமி. என்மேல அவருக்குப் பிரியமே இல்ல. கட்டையை எடுத்து வையின்னாரு, அவ்வளவுதான்."

"அந்த அடுக்கை வேற யாரெல்லாம் தொடுவாங்க?"

"யாரும் தொடக்கூடாது. அம்மா அடுப்புக்கு ஒரு சுள்ளி உருவினாலே வீட்டுல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது."

"உங்களை வைக்கச் சொன்னாரே?"

ஆவுடையப்பன் துண்டின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"அது போன கதை சாமி. மணிக்கு உத்தரவு சொல்லுங்க" என்றார்.

"மணி அடிக்கும்போது நீங்க எங்கே இருப்பீங்க?"

"நந்தவனத்துல. பூப் பறிக்கணும்லா."

கஞ்சிக்கு உப்புப் பார்த்த அகப்பையோடு எட்டிப் பார்த்த கந்தையா, "பூசைக்குப் பூ முந்தியே வந்திருமே அண்ணாச்சி! மணி அடிக்கையில யாருக்குப் பறிக்கீங்க?" என்றார்.

"பிள்ளையை நிறுத்துறதுக்கு முன்னாடி தகப்பன் ஒரு தடவை நின்னு பாக்கட்டும்" என்றார் சாமி. "வாங்க ஐயா."

ஆவுடையப்பன் மணிக்கு அடியில் போய் நின்றார். சாமி கயிற்றைப் பிடித்தார்.

இழுக்கவில்லை.

அதற்குள் ஆவுடையப்பனின் கைகள் ஏறிவிட்டன. கட்டைவிரல் காதை அடைத்தது. மற்ற விரல்கள் பிடரியில் விரிந்தன. முழங்கைகள் முன்னால் வந்து முகத்தை மறைத்தன. கண்கள் இறுக மூடியிருந்தன.

"ஐயோ, இங்க பாருங்களேன்" என்றாள் சங்கரவடிவு.

அவர் கண் திறந்து, முழங்கைகளுக்கு நடுவே பார்த்தார். தூணடியில் உமையாள் இருந்தாள். கட்டைவிரல் காதில், விரல்கள் பிடரியில், முழங்கைகள் முகத்துக்கு முன்னால்.

சாமி கயிற்றை ஆணியில் மாட்டினார். இருவர் கையும் இறங்கச் சற்று நேரமானது.

கந்தையாவுக்குத்தான் தாங்கவில்லை. "அப்போ அண்ணாச்சிக்கும் டாக்டரம்மா சொன்னதுதானா சாமி? நாங்க தவம்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தோம்!"

"நேத்து வரைக்கும் அவரைக் கும்பிட்டியே, இன்னைக்கு அவர்கிட்ட என்ன மாறிப்போச்சு?"

கந்தையா அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் மாறல சாமி."

"அப்போ போய்க் கஞ்சியைப் பாரு. அடிபிடிக்குது."

கந்தையா ஓடினார். ஆவுடையப்பன் மணிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பிள்ளையிடமிருந்து சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அவளைத் தொடவில்லை. பூவையும் தொடவில்லை.

"மணி இல்லேன்னா இவளுக்கு எப்படி சாமி பேச்சு வரும்?"

"நான் வந்த நாள்ல இருந்து நீங்க என்கிட்ட 'சரி சாமி'ங்கறதுக்கு மேல பேசினதில்லை. இன்னைக்கு உங்க அப்பாவைப் பத்தி இவ்வளவு பேசினீங்க. நான் மணியா அடிச்சேன்?"

ஆவுடையப்பன் தலையைத் தூக்கி, ஆடாமல் தொங்கிய மணியைப் பார்த்தார்.

ஆடிப்பூரத்தன்று கூட்டம் வந்தது, பூசை நடந்தது, பெரிய மணி அடித்தது. உமையாள் தாயோடு திருநெல்வேலிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். தகப்பனும் கூடப் போயிருந்தார். மணிக்கு அடியில் வெறும் கல்தளம்தான் இருந்தது.